எரிந்தாக வேண்டிய விளக்கு

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் ஜீப்பைக் கிளப்பியபோது மீட்டர் பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு. இஞ்சின் படம் போட்டது. சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் எரிந்து அணையும், அது வழக்கம். இது அணையவில்லை. பானட்டைத் திறந்து ஆயில் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன், பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரயில்வே கேட் மேட்டில் வண்டிக்கு இழுவை இல்லை. பின்னால் கறுப்புப் புகை.

வேலங்குளம் ஒன்றிய அலுவலகத்துக்கு இந்த ஜீப்பும் நானும் ஒரே மாதத்தில் வந்தோம். ஒன்பது வருஷத்தில் இந்த விளக்கு எரிந்ததில்லை.

பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த பி.டி.ஓ. அய்யாவிடம் சொன்னேன். பெயர் தமிழ்வேந்தன். ஜூனில் மாறுதலாகி வந்தவர்.

“அய்யா, இஞ்சின் விளக்கு எரியுதுங்கய்யா.”

“எரிஞ்சா நல்லதுதானேய்யா? எரியலைன்னாத்தான் கம்ப்ளைன்ட்டு.”

கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

அக்டோபர் 8, புதன்

உதவியாளர் ரெஜினா மேடத்திடம் போனேன். அலுவலகத்தில் எந்தக் கடிதம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“வாயால சொன்னா விளக்கு எரியாதுண்ணே. எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். எத்தனாம் தேதியிலிருந்து எரிகிறது, தொடர்ந்து எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா என்று கேட்டு அதையும் சேர்க்கச் சொன்னார். கோப்பு போட்டாயிற்று. ‘பொருள்: அலுவலக ஜீப், விளக்கு எரிவது தொடர்பாக.’

அக்டோபர் 10, வெள்ளி

கோப்பு தெருவிளக்குப் பிரிவுக்குப் போய்விட்டதாம். அங்கிருந்து குறிப்பு எழுதித் திருப்பியிருக்கிறார்கள்: ‘மேற்படி விளக்கு நன்கு எரிவதாலும், எரியாத விளக்குகளே இப்பிரிவின் பொறுப்பு என்பதாலும், இப்பிரிவில் நடவடிக்கை தேவையில்லை.’

ரெஜினா மேடம் சிரிக்காமல் படித்துக் காட்டினார். நானும் சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் இருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! எலி.

விடுமுறை என்பதால் ஷெட்டில் நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே போனேன். இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. அதற்குப் போகும் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருக்கிறது. முனைகளைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். சாக்கெட்டை அமுக்கியதும் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. கண்மாய்க் கரை வரை ஓட்டிப் பார்த்தேன். இழுவை வந்துவிட்டது, புகை நின்றுவிட்டது. விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது. ஒழுங்காக நாலைந்து தடவை கிளப்பி ஓட்டினால் அதுவே அணைந்துவிடும்.

மனசுக்கு நிறைவாக இருந்தது. அரசியிடம் போனில் சொன்னேன். அவள் விருதுநகரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் பவளக்கொடிக்கு இரட்டைக் குழந்தைகள், மூன்று மாதம்.

“எலியக் கண்டுபிடிச்சது சரி. மாறுதல் எப்பக் கெடைக்கும்?” என்றாள்.

அக்டோபர் 15, புதன்

காலையில் விளக்கு அணைந்துவிட்டது. அய்யா ஏறியதும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

“யாரைக் கேட்டுய்யா அணைச்சீங்க?”

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை ஏற்றினார். பிறகு பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். பக்கத்து ஒன்றியத்துக்குப் புது வண்டி வந்துவிட்டது. வெள்ளை, ஏசி. நமக்கும் வர வேண்டுமென்றால் இந்த ஜீப்பைக் கண்டம் செய்தாக வேண்டும். அதாவது, இனி ஓடாது என்று ஒதுக்கி ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ஓடிய கிலோமீட்டர் போதவில்லை. பணிமனைப் பொறியாளர் வந்து, இஞ்சின் போய்விட்டது என்று சான்று கொடுத்தால்தான் நடக்கும்.

“அவர் வர்றப்போ விளக்கு எரியணும். புரியுதா?”

“சின்னப் பழுதுதாங்கய்யா. சரியாயிருச்சு.”

“சரி பண்றது உங்க வேலையா, வண்டி ஓட்டுறது உங்க வேலையா?”

கொஞ்ச தூரம் போன பிறகு, வேறு பேச்சுப் போல, “விருதுநகருக்கு மாறுதல் மனு குடுத்திருந்தீங்கள்ல? எந்திட்டதான் இருக்கு. பரிந்துரை எழுதணும்” என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

சாக்கெட்டைக் கழற்றிவைப்பதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஒரு திருகாணியைக்கூட உடைக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். மேலதிகாரி சொன்னதைச் செய்வதுதான் வேலை, இதற்கும் மாறுதல் மனுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

விளக்கு எரிகிறது. ஜூன் மாதத்திலிருந்து அய்யா என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றுதான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விருதுநகர். பேரக்குழந்தைகளில் பெரியவனா சின்னவனா தெரியவில்லை, சட்டையை நனைத்துவிட்டான். மாறுதல் பற்றி அரசி கேட்டாள். ‘அய்யா கையில் இருக்கிறது’ என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

பணிமனைப் பொறியாளர் வந்தார். பஸ்ஸில் வந்தார், வியர்த்திருந்தார். பழுதைக் கண்டுபிடிக்க வண்டியோடு இணைக்கும் கருவி ஒன்று உண்டு. அது அவரிடம் பழுதாகிக் கிடக்கிறதாம். அதைச் சரி செய்யக் கோப்பு போயிருக்கிறதாம்.

பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

“எரியுதே.”

“இருபது நாளா எரியுது சார்,” என்று அய்யா சொன்னார்.

கேன்டீன் வடையும் காபியும் முடிந்ததும் சான்றிதழ் எழுதினார். ‘இஞ்சின் முற்றிலும் செயலிழந்துள்ளது. வாகனம் ஓடும் நிலையில் இல்லை.’ அவர் கையெழுத்து, அய்யா கையெழுத்து, கடைசியில் ஓட்டுநர் கையெழுத்து. என்னுடையது மூன்றாவதுதான். முதல் இரண்டும் பெரியவர்கள் போட்டது.

பிறகு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஜீப்பில்தான் கொண்டுபோய் விட்டேன். முன்சீட்டில் உட்கார்ந்து, சான்றிதழ் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். “வண்டி நல்லா வச்சிருக்கீங்க” என்றார் இறங்கும்போது.

நவம்பர் 5, புதன்

ஜீப்பைக் கண்டம் செய்த உத்தரவு வந்துவிட்டது. லாக் புக்கில் கடைசிக் கோடு போட்டு மூடினேன். ஜீப் அலுவலகத்துக்குப் பின்னால், புங்கமரத்தடியில். அய்யாவுக்கு வாடகைக் கார், அதற்கு வேறு டிரைவர். நான் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்க முடியாமல் ஜீப்பைத் துடைக்கிறேன்.

மனு பற்றிக் கேட்டேன். “புது வண்டி வரட்டும்யா” என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

மழை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. ஜீப்பின் பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று பத்து நிமிடம் ஓடவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது பத்துக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. எடுத்தது ரெஜினா மேடம். பதினோரு கிலோமீட்டரில் இருக்கும் நெடுங்கண்மாயில் கரை உடைந்துவிட்டது. கீழத்தெருவுக்குள் தண்ணீர். ஓட்டு வீடுகளை விட்டு எல்லோரும் கோயில் மண்டபத்தில் ஏறி நிற்கிறார்கள். தீயணைப்பு வண்டி மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டும், நடுவில் பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது. அய்யாவும் மாவட்டத் தலைநகருக்குத்தான் போயிருந்தார், பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டத்துக்கு. போனை எடுக்கவில்லை.

ரெஜினா மேடம் டிராக்டருக்கு அலைந்தார். ஒன்று பழுது, இன்னொன்று வயலில் புதைந்து கிடக்கிறது. ஆட்டோக்காரர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

பத்து மணிக்கு நான் எழுந்து புங்கமரத்தடிக்குப் போனேன். நடுவில் ஐம்பது நிமிடம் என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை. மழை பலமாக இருந்தது.

பானட்டைத் திறந்தபோது பின்னால் குடையோடு ரெஜினா மேடம் வந்து நின்றார். சாக்கெட்டை எடுத்து அமுக்கினேன். ‘டிக்’ என்றது.

“இம்புட்டுத்தானாண்ணே?” என்றார்.

அவர் குடையை மடக்கி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “கெளப்புங்க.”

விளக்கு எரிந்தபடியே இருந்தது. சாக்கெட்டை மாட்டினாலும் உடனே அணையாது. ஆனால் வண்டி இழுத்தது. ஊர் எல்லையில் தண்ணீர் பம்பர் அளவு. முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனேன். எடுத்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். ரெஜினா மேடம் வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டே வந்தார், நடுவில் “இடதுல பள்ளம், இடதுல பள்ளம்” என்று கத்தினார்.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மூன்று நடை. முதலில் குழந்தைகளும் தாய்மார்களும். இரண்டாவதில் பெண்களும் நடக்க முடியாதவர்களும். மூன்றாவதில் மீதி ஆண்கள். கடைசியாகச் சந்தனம் என்ற ஆட்டுக்காரர் ஏற மறுத்தார். மண்டபத்தில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்திருந்தது. இடது கையால் ஆட்டுக்குட்டியைப் பிடித்திருந்தார்.

“ஆடு ஏறாம நான் ஏறமாட்டேன். ஏழு உருப்படி இருக்கு. ரெண்டு போயிருச்சு.”

“ஏத்துங்க,” என்றேன். பி.டி.ஓ. சீட்டில், வெள்ளைத் துண்டின் மேல், நாலு ஆடுகள். மீதி மூன்றும் ஆட்களின் மடியில்.

வரும் வழியில் சந்தனம் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்: “ஒம்பதரைக்கெல்லாம் கீழத்தெருவுல தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு டிரைவரண்ணே. அப்பருந்து ரோட்டையேதான் பாத்துக்கிட்டு நின்னோம். ஏதாச்சும் வண்டி வருமான்னு.”

நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் கண்மாய்க் கரையில் இன்னொரு இடமும் உடைந்தது. கோயில் மண்டபத்தின் ஒரு பக்கம் சரிந்து விழுந்த சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. ஏற்றி வந்த முப்பத்தொரு பேரும் அந்தத் திசையைப் பார்த்தார்கள்.

நவம்பர் 19, புதன்

பேப்பரில் படம். தண்ணீருக்குள் ஜீப், சன்னலில் ஆட்டின் தலை. நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது.

நவம்பர் 21, வெள்ளி

துரித மீட்புப் பணிக்காகப் பி.டி.ஓ. அய்யாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ். மாவட்டத் தலைநகரில் கூட்டம் போட்டுக் கொடுத்தார்களாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு. எனக்கும் ஒன்று கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

நவம்பர் 24, திங்கள்

பணிமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஓடாது என்று சான்று கொடுத்த வண்டி பேப்பரில் ஓடுகிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். மதியம் எனக்கு மெமோ. ‘கழிவு செய்யப்பட்ட, ஓடும் நிலையில் இல்லாத அரசு வாகனத்தை 18.11 அன்று அனுமதியின்றி ஓட்டியது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

ரெஜினா மேடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். “நான் டைப் அடிக்கலண்ணே. முடியாதுன்னுட்டேன்” என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

அய்யா தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஆறு மாதத்தில் முதல் தடவை.

“பயப்படாதீங்க. சிம்பிளா முடிச்சிரலாம். வண்டி ஓடல, பொதுமக்கள் தள்ளிக்கிட்டுப் போனாங்கன்னு எழுதுங்க.”

“பதினோரு கிலோமீட்டருங்கய்யா.”

“ஊர் ஒத்துமைன்னு போட்டுக்கலாம்யா.”

“தண்ணிக்குள்ளயுமாங்கய்யா?”

“தண்ணில தள்றது ஈசிதானே? மிதக்கும்ல?”

மேசையில் என் மாறுதல் மனுவை எடுத்து வைத்தார். பரிந்துரை எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. நீங்கள் எழுதிக் கொண்டுவாருங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் முடிப்போம் என்றார்.

நவம்பர் 26, புதன்

எழுதினேன், கிழித்தேன். தள்ளினார்கள் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஞாபகம் வந்தது.

நவம்பர் 27, வியாழன்

விளக்கம் கொடுத்துவிட்டேன். நாலு பக்கம். எலி கடித்தது, டேப் சுற்றியது, விளக்கு அணைந்தது, அதை மறுபடி எரியவைக்கச் சொன்னது, மாறுதலுக்கு ஆசைப்பட்டு நான் சாக்கெட்டைக் கழற்றியது, சான்றில் கையெழுத்துப் போட்டது. அந்த ஐம்பது நிமிடத்தையும் எழுதினேன்: ‘போன் வந்ததிலிருந்து வண்டி ஓடும் என்பது எனக்குத் தெரியும். ஓட்டினால் பொய் வெளியே வந்துவிடும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சந்தனத்தின் கை முறிந்ததும் இரண்டு ஆடுகள் போனதும் அந்த நேரத்தில்தான்.’

அய்யா படித்தார். மாறுதல் மனுவை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

அரசிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப மாறுதல் இல்லை.”

“இல்லை. வேலையே இருக்குமான்னு தெரியல.”

“இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லிருந்தா அந்தச் சாக்கெட்ட நானே வந்து மாட்டியிருப்பேன்,” என்றாள். பிறகு, “பவளத்துக்கு அவ மாமியா வர்றாங்களாம். நான் அடுத்த மாசக் கடைசில அங்க வர்றேன். ஒழுங்காச் சாப்பிடுங்க.”

டிசம்பர் 15, திங்கள்

விசாரணை அதிகாரி வந்தார். கண்ணியமானவர். என் நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

“இதுக்கு ஆதாரம் இருக்கா?”

“வண்டி பின்னாடிதாங்கய்யா நிக்குது. சாவி எந்திட்ட இருக்கு. ஒரு ரவுண்டு வந்து பாருங்க. விளக்குக்கூட அணைஞ்சிருச்சு.”

“கண்டம் ஆன வண்டியில நான் எப்படிய்யா ஏற முடியும்?”

ரெஜினா மேடம் தானாகவே உள்ளே வந்து, தானும் அந்த வண்டியில் போனதாகச் சாட்சி சொன்னார். “நீங்க அன்னிக்கு அலுவலகத்துல இருந்ததா வருகைப் பதிவேட்டுல இருக்கேம்மா” என்றார் அதிகாரி.

டிசம்பர் 29, திங்கள்

உத்தரவு. மறந்துவிடக் கூடாதென்று அப்படியே எழுதிவைக்கிறேன்.

‘வாகனம் ஓடும் நிலையில் இல்லை என்பது பணிமனைச் சான்றினால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. எனவே, அவ்வாகனத்தைத் தாம் ஓட்டியதாக ஓட்டுநர் முத்திருளாண்டி கூறுவது ஏற்கத்தக்கதன்று. ஓடாத வாகனத்தை எவரும் ஓட்டியிருக்க இயலாது என்பதால், அனுமதியின்றி ஓட்டினார் என்ற குற்றச்சாட்டும் நிலைக்கவில்லை. குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. நாளிதழில் காணப்படுவது வேறு வாகனமாக இருக்கலாம். ஓட்டுநரின் விளக்கம் ஆவணங்களுக்கு முரணாக இருப்பதால் கோப்பில் சேர்க்கத் தேவையில்லை.’

நான் தப்பித்துவிட்டேன் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் குற்றமும் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை. அன்று நான் எங்கேயும் போகவே இல்லை.

அரசி வந்துவிட்டாள். உத்தரவை அவளிடம் படித்துக் காட்டினேன். “அப்ப அந்த முப்பத்தோரு பேரும் எப்படி வந்தாங்களாம்?” என்றாள். அதை யாரும் கேட்கவில்லை என்றேன்.

டிசம்பர் 31, புதன்

புது வண்டி அடுத்த வாரம் வருகிறது. அதற்குள் பழையதை மாவட்ட ஏலக் களத்தில் ஒப்படைக்க வேண்டும். காலையில் ரெஜினா மேடம் ஒரு தாளை நீட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

‘இழுவை வண்டிக்கு ஏற்பாடு இல்லாமையால், ஓடும் நிலையில் இல்லாத மேற்படி ஜீப்பை ஓட்டுநர் ஓட்டிச் சென்று ஏலக் களத்தில் ஒப்படைக்கவும்.’

“ரெண்டு தடவ அய்யாகிட்ட காமிச்சேண்ணே. சரியாத்தானே இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு.”

ஜீப்பைக் கழுவினேன். சாவியைத் திருப்பினேன், எல்லா விளக்கும் எரிந்து அணைந்தது. வீட்டு வழியாகத்தான் ஓட்டினேன். அரசியைக் கூப்பிட்டேன்.

ஒன்பது வருஷத்தில் அவளை இந்த வண்டியில் ஏற்றியதில்லை. அரசு வண்டியில் குடும்பத்தார் ஏறக் கூடாது. ஒரு முறை அவளுக்குக் காய்ச்சல், நான் இந்த ஜீப்பில் அவளைக் கடந்து போனேன், அவள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

“யாராச்சும் பாத்தா?” என்றாள்.

“என்னத்தப் பாப்பாங்க? ஓடாத வண்டி. வா.”

புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் ஏறச் சொன்னேன், அதுதான் வசதி. மாட்டேன் என்று முன்னால் வந்து உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வயல்களில் இன்னும் தண்ணீர் நின்றது. வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம். கொஞ்ச நேரம் அவள் பேசிக்கொண்டே வந்தாள், பிறகு சன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

ஏலக் களத்தில் வரிசையாகத் துருப்பிடித்த வண்டிகள். வாசலில் காவலாளி பெரிய பதிவேடு ஒன்றை வைத்திருந்தார். வண்டி எண், எந்த அலுவலகம் எல்லாம் கேட்டு எழுதினார்.

“வண்டி எப்படி வந்துச்சு? லாரில ஏத்தியா, கட்டி இழுத்தா?”

நான் பையிலிருந்து அந்த உத்தரவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“இவர்தான் ஓட்டிக்கிட்டு வந்தாரு,” என்றாள் அரசி. “நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார், ஜீப்பை ஒரு தடவை பார்த்தார். பேனாவை உதறிவிட்டு எழுதினார். ‘ஓட்டுநரே ஓட்டி வந்தார். உடன் அவர் மனைவி.’

பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.